அருட்டுணர்வுக்கு மூன்றாவது அட்டை

அக்காவுக்கு அகராதி அலுவலகத்தில் அட்டை எழுதும் வேலை. ஒரு சொல் எங்கே, எந்த வாக்கியத்தில் அச்சாகியிருக்கிறது என்று அட்டையில் குறித்து இழுப்பறையில் அடுக்க வேண்டும். மூன்று அட்டை சேர்ந்தால் சொல் அகராதிக்குள் போகும். சேராவிட்டால் குப்பைக்கூடைதான்.

இருபத்திரண்டு வருடத்தில் அவளாகக் கண்டெடுத்தது ஒரே ஒரு சொல், அருட்டுணர்வு. அருட்டுவது என்றால் தூங்குகிறவரைத் தட்டி உசுப்புவது. நமக்குள் தூங்கிக் கிடப்பதை ஏதோ ஒன்று அப்படி உசுப்பிவிட்டால் அது அருட்டுணர்வு. இரண்டு அட்டை கிடைத்துவிட்டது. மூன்றாவதுக்கு மாதக் கடைசி வரை கெடு.

"உத்வேகம்னு ஒண்ணு இருக்கே, போதாதா?" என்றேன்.

"அது ஓடுறவங்களுக்கு. தூங்குறவங்களை யாரு எழுப்புறது?" என்று எரிந்து விழுந்தாள்.

"அப்ப நீயே பத்திரிகைக்கு எழுதிடு."

"நான் எழுதினா செல்லாது. யாராவது படிச்சுட்டு, அவங்களா எழுதணும்."

நாலு பேர் கண்ணில் முதலில் படட்டும் என்று, நூலகக் கூரை ஒழுகுவதைப் பற்றி எழுதும் சாக்கில் அந்தச் சொல்லை நுழைத்துப் பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினாள். கடிதம் அச்சில் வந்தது, சொல் வரவில்லை. அந்த இடத்தில் உத்வேகம் உட்கார்ந்திருந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதே கதை. என்னையும் இழுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டாள்.

"அகராதியில இல்லாத சொல்லை எப்படிம்மா போடுறது?" என்றார் உதவி ஆசிரியர்.

"பத்திரிகையில வராத சொல்லை நாங்க எப்படி சார் அகராதியில போடுறது?"

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லும் அதன் பொருளும் நாலு வரியில் வந்தன. பிறகு இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. கெடு முடிவதற்குள் அக்கா பாதியாகிவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசி நாள் காலைப் பத்திரிகையில், முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்: "ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடப்பவர்களைத் தட்டி எழுப்புவது என் வேலை. கண் விழித்ததும் அவர்கள் முதலில் தங்கள் வீட்டாரைத்தான் தேடுவார்கள். மறுநாளும் நான் வேலைக்கு வர அதுவே என் அருட்டுணர்வு. இதற்கு ஒரு பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியாது."

அக்கா ஓவென்று அழுதாள். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு செருப்புகூட மாட்டாமல் அலுவலகத்துக்கு ஓடினாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நானும் ஓடினேன்.