ஹெலனுக்குப் போடாத கடிதம்

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை மகன் பேருக்கு எழுதி வைத்தார். சாட்சிக்கு ஓர் ஆள் குறைகிறது என்று மதுரை தல்லாகுளம் பத்திர ஆபீசுக்கு என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். "மேடம், சாட்சி இந்த எடத்துல" என்று எழுத்தர் விரலால் தொட்டுக் காட்டினார். மைப்பெட்டி வாடை குப்பென்று அடித்தது. பேனா பிடித்த கை நடுங்கியது. "சுகர் இருக்கா மேடம்?" என்று கேட்டார் அக்கறையாக. இருக்கிறதுதான். ஆனால் இந்த நடுக்கம் சுகருக்கு மூத்தது, முப்பது வருஷத்துக்கு முந்தியது.

அப்போது நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஹெலனுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் பாடுவாள், நான் வாயசைப்பேன். அவள் கூட வேலை பார்த்த ஓர் இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்யத் துணிந்தாள். "அவுக பக்கம் ரெண்டு சாட்சி வாராக. என் பக்கம் ஒரு ஆள் வேணாமாடி?" என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன், கையெழுத்துப் போட்டேன். கல்யாண விருந்தாக எல்லாரும் பரோட்டா தின்றோம். அந்தப் பரோட்டா நன்றாகத்தான் இருந்தது.

சபைச் சட்டம் அன்று கறாரானது. கோயிலுக்கு வெளியே கல்யாணம் முடித்தால் ஒரு வருஷம் நற்கருணைப் பந்தியில் இடமில்லை; வருஷம் முடிந்தாலும் கமிட்டியின் கடிதம் இருந்தால்தான் மறுபடி சேரலாம். மாதத்தின் முதல் ஞாயிறுதான் அப்பமும் திராட்சை ரசமும் தரும் அந்தப் பந்தி. விலக்கப்பட்டவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பந்திக்கு முந்திய பாட்டு தொடங்கியதும் எல்லார் கண் முன்னாலும் எழுந்து வெளியே போக வேண்டும். உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஏனென்றால் சபைக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். அறிவைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று நினைத்துவிடாதீர்கள், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

விசாரணையன்று ஹெலன் கமிட்டி முன்னால் நின்றாள். மூலையில் நான் மினிட்ஸ் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார்: "சாட்சிக் கையெழுத்துப் போட்டது நம்ம சபை ஆளுதானாம்ல. யாரு அது?"

ஹெலன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"அத மட்டும் கேக்காதீக ஐயா. எனக்குள்ளத நான் அனுபவிச்சுக்கிறேன்."

அந்த வரியையும் நான்தான் எழுதினேன், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அடுத்த முதல் ஞாயிற்றை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. தகுதியில்லாமல் பந்தியில் கைநீட்டுகிறவர் தம்மேல் தாமே தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறார் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்து வளர்ந்தவள் நான். அப்பம் தொண்டையில் அடைத்து அங்கேயே செத்துவிழுவேன் என்று நிஜமாகவே நம்பினேன். போகாமல் இருந்தாலோ, ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். ஆகவே போய் முழங்காலிட்டேன். ஜன்னல் வழியே சைக்கிள் ஸ்டாண்டு தெரிந்தது. முக்காடு போட்டுக்கொண்டு ஹெலன் அங்கே நின்றிருந்தாள். அப்பம் இறங்கியது, ரசமும் இறங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் இன்னும் பயமாக இருந்தது.

எட்டு மாதம் அவள் அப்படி நின்றாள். பிறகு புருஷனோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். எங்கள் போதகர் மெதுவாகப் பேசும் மனிதர். அடுத்த கமிட்டியில் அவரே பேச்செடுத்தார்.

"வெளிய நிறுத்த மட்டுமா நமக்கு அதிகாரம் குடுத்திருக்கு? உள்ள கூப்பிடவும்தான். அந்தப் பிள்ள நின்னது போதும். இனி எந்தச் சபையிலயும் பந்தியில சேரலாம்னு ஒரு லெட்டர் போட்டுரும்மா. எப்பவாச்சும் மதுரைக்கு வந்தா, நடந்ததைக் கமிட்டியில ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகட்டும்."

கிருபை என்று பிரசங்கத்தில் நூறு தரம் கேட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணெதிரே பார்த்தேன். என் காதில் விழுந்ததோ அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். நடந்ததைச் சொன்னால் என் பெயரும் வருமே!

வக்கீல் ஆபீஸ் மெஷினில் கடிதத்தை அடித்தேன், கிழித்தேன், மறுபடி அடித்தேன், மறுபடி கிழித்தேன். அடுத்த கூட்டத்தில் போதகர் கேட்டார். "போட்டுட்டேன் ஐயா. பதில் இல்ல" என்றேன். "பாவம், மனசு வெறுத்திருக்கும். பிறகு பாப்போம்" என்றார். அந்த மே மாதமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவருக்கு ஹெலன் யாரென்றே தெரியாது.

இன்று அந்தச் சட்டம் இல்லை. விலக்கி வைக்கும் வழக்கம் எந்த வருஷம் நின்றது என்று கேட்டால் சபையில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசி பெஞ்சை எடுத்துவிட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். மினிட்ஸ் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. போதகரும் போய்ச் சேர்ந்தார், கமிட்டியில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

பத்திர ஆபீசிலிருந்து திரும்பிய அன்று மனசு கேட்கவில்லை. டி. கல்லுப்பட்டியில் இருக்கும் ஹெலனின் தம்பியிடம் நம்பர் வாங்கித் திருப்பூருக்குப் போன் போட்டேன். அவள் மகள் எடுத்தாள். அம்மாவோடு பாடகர் குழுவில் இருந்தவள் என்று மட்டும் சொன்னேன்.

"அம்மா தவறி ரெண்டு வருசமாச்சு ஆன்ட்டி."

அவளே தொடர்ந்தாள்.

"ஒரு வாரம்கூட விடாம கோயிலுக்குப் போவாங்க. பந்தி நேரம் வந்தா மட்டும் எந்திரிச்சு வெளிய போயி நின்னுக்கிருவாங்க. இங்க உள்ள பாஸ்டர் எம்புட்டோ சொல்லிப் பாத்தாரு. அம்மாதான், மதுரைச் சபையில இருந்து லெட்டர் வரணும், வராமச் சேந்தா தப்புன்னுட்டாங்க. கடைசி வரைக்கும் சேரல."

பிறகு அவளே கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த லெட்டர எழுத வேண்டியது யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

என்னைக் கேள்வி கேட்கவோ தண்டிக்கவோ அந்தக் கமிட்டியில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனாலும் பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டேன்.