கோலுக்குப் பின்னால் நின்றவன்

பட்டாபிராமில் நாங்கள் கால்பந்து விளையாடும் மைதானத்தின் மேற்கே ஒரு சுவர் உண்டு. இடுப்பு உயரம்தான். அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். பந்து சுவரைத் தாண்டினால் போனது போனதுதான். ஒருமுறை ஒரு பெண் பந்தை எடுக்கிறேன் என்று சுவரேறி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுவிட்டாள். சரக்கு ரயில் ஒன்று ஊதிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அவளை இழுத்து இறக்கினேன். அப்போது நான் போட்ட சத்தத்தில், பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள்கூட மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்குப் போட்டேன் சட்டம்: இனிமேல் பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது.

என் பாஸிங் ஆட்டத்தின் பூர்வீகம் இவ்வளவுதான். பந்தை நம் காலிலேயே வைத்துக்கொண்டு, தட்டித் தட்டி முன்னேற வேண்டும் என்கிற தத்துவமெல்லாம் பிறகு செல்போனில் வீடியோ பார்த்துச் சேர்த்துக்கொண்டது. கேட்கிறவர்களிடம் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி விளக்குவேன். அண்ணனூர் ஷெட்டில் பகலெல்லாம் ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவனுக்கு, சாயங்காலம் ஆட்டம் பழக வரும் இருபது பள்ளிப் பெண்கள் "சார்" என்று கூப்பிட்டால் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும்.

எங்கள் கோலுக்குக் கம்பமும் இல்லை, வலையும் இல்லை. சுவரோரம் இரண்டு சிமெண்ட் கல். அதன் பின்னால் நான் நிற்பேன். பந்து கல்லுக்கு நடுவில் உருண்டு என் காலுக்கு வந்து சேர்ந்தால்தான் கோல். பலமாக அடித்தால், உள்ளே போனாலும் கணக்கில்லை. மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட வேண்டும். அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு ஆடப் போனாலும் எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பெற்றோர்கள் மைதானத்தின் ஓரத்திலிருந்து "தூக்கி அடி! தூக்கி அடி!" என்று கத்துவார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தால் போதும், அடங்கிவிடுவார்கள்.

அந்த இருபது பேரில் நடுவில் ஆடியவள் ஒருத்தி. பட்டாபிராமின் பழைய கிராமத்துக் குடும்பம். அப்பா ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பந்து காலுக்கு வருவதற்குள் தலையைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவாள். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இவளுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இவளைப் போல ஒருத்தி இனி எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று அப்போதே தெரியும்.

பத்தாவது பரீட்சை முடிந்ததும் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. அவள் அப்பா ஆட்டோவை மைதானத்தின் ஓரம் நிறுத்திவிட்டு வந்தார்.

"சார், ஊட்ல பேசிட்டோம். ஆஸ்டல்ல எட்த்தாங்கன்னா ஆடட்டும். எடுக்கலன்னா இத்தோட உட்டுடணும். பதினொண்ணாவது போவுது. ஸ்கூலு, டியூசன்னு அதுக்கு எங்க நேரம் கீது?"

"எடுப்பாங்கண்ணே. இவளை எடுக்காம வேற யாரை எடுக்கப் போறாங்க?" என்றேன். பக்கத்தில் நின்ற அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போட்டி ஆவடியில். நல்ல மைதானம். புல், வெள்ளைக் கம்பம், புது வலை. பயிற்சியாளர்கள் ஓரக் கோட்டருகேதான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று நின்றேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் முழுக்க அவள் கையில்தான் இருந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேரும் அவளைக் காட்டிக் காட்டிப் பேசியதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, நான்கு தட்டலில் பந்து அவளிடம் வந்தது. கோல்கீப்பர் முன்னே பாய்ந்து ஏமாந்து விழுந்துவிட்டாள். கோல் காலி. பத்தடி தூரம். ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

அவள் பந்தைக் காலடியில் நிறுத்தினாள். நிமிர்ந்து கோலைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். அதற்குள் எதிரணிப் பெண் ஒருத்தி ஓடிவந்து பந்தை வெளியே அடித்துவிட்டாள்.

"பொண்ணு நல்லாத்தான் ஆடுது. கோலாண்ட வந்தா பயப்படுது சார்," என்றார் தேர்வாளர்களில் ஒருவர். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லோருக்கும் முன்னால், அவள் அப்பாவுக்கும் முன்னால், "ஏன் நின்ன? கால் மரத்துப்போச்சா? எல்லாத்தையும் கெடுத்தியே!" என்று கத்தினேன். அவள் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஜெர்சியை மடித்து என் பையில் வைத்தாள்.

"உடுங்க சார். அதுக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான்," என்று அவள் அப்பாதான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

அதோடு அவள் மைதானத்துக்கு வரவில்லை. சொன்ன சொல்லை அப்பா காப்பாற்றினார். எனக்குக் கோபம் ஆற ஒரு மாதம் ஆனது. அவள் இல்லாத அணியைப் பார்க்கிற வேதனை ஆறவே இல்லை.

மூன்று வருடம் கழித்து, போன மாதம் காலை ரயிலில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. அவளே எழுந்து வந்து, "நல்லா கீறீங்களா சார்?" என்றாள். கொஞ்ச நேரம் படிப்பைப் பற்றிப் பேசினோம். என் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"நிமுந்து பாத்தேன் சார். பின்னாடி நீங்க இல்ல."

"வலை இருந்துச்சேம்மா."

"இருந்துச்சு. எனக்குத்தான் அது தோணல. உங்களத் தேடிக்கினே நின்னுட்டேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை அதில். அண்ணனூர் வந்தது. எனக்கு இறங்கத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்; அந்தக் கூட்டத்தில், அந்தப் பிள்ளையிடம், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அம்பத்தூரில் "வரேன் சார்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நான் கல்லுக்குப் பின்னால் நிற்கவில்லை. ஓரமாக நின்றேன். முதலில் வந்த சின்னப் பெண் பந்தோடு கோலருகே வந்து நின்றுவிட்டாள். என்னைத் தேடினாள்.

"அடிம்மா," என்றேன். "யாரும் இல்லன்னாலும் அடி."

அடித்தாள். பந்து சுவரைத் தாண்டித் தண்டவாளப் பக்கம் போய்விட்டது. எல்லாப் பெண்களும் நான் கத்தப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தார்கள்.

"நல்ல அடி," என்றேன். யாரும் இல்லன்னாலும் அடி என்று மூன்று வருடம் முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.