தலைக்கு ஊற்றச் சொன்னது நான்தான்

போன ஆண்டு நானும் கணவரும் மலேசியாவில் எங்கள் ஊரான ரெங்கத்திலிருந்து லடாக் போயிருந்தோம். மலைமேல் பாலைவனமாகக் காய்ந்த நிலம். அதன் நடுவே பழைய பௌத்த மடாலயத்தை ஒட்டி ஒரு சின்ன கிராமம். கார்க்காரர் எங்களை இறக்கிவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

தங்கிய வீட்டு அம்மா வாளியைக் காட்டி, "டுடே நோ பாத்" என்றார். அந்த உயரம் உடம்புக்குப் பழகும்வரை குளிக்கக் கூடாதாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

"குளிக்காம எப்படிங்க சாமி இடத்துக்குப் போறது? தலைக்கு ஊத்திட்டு வாங்க" என்று கணவரை விரட்டினேன்.

சற்று நேரத்தில், "அலமாக், ஐயோ, மூச்சு முட்டுது லா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு சத்தமே இல்லை. கதவைத் தட்டினேன், கத்தினேன். வீட்டு அம்மா ஓடிவந்து தோளால் இடித்துத் திறந்தார். உதடு நீலம் பாரித்து, ஈரத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தார் கணவர்.

கைப்பேசியில் லைன் இல்லை. அந்த அம்மா நடந்தே போய்ப் பக்கத்து ஊரிலிருந்து லாரியை அழைத்துவரும்வரை, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாகக் கணவர் நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மலையிலிருந்து இறங்க இறங்கத்தான் அவருக்கு மூச்சு சீரானது. மடாலயத்தை நாங்கள் பார்க்கவேயில்லை.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்கிறேன். வீட்டில் கணவர் குளிக்கும்போது கதவைத் தாழிட விடுவதில்லை.

"இது ரெங்கம் லா" என்று சிரிப்பார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றால், இன்றும் வெளியிலிருந்து கூப்பிடுகிறேன்.