ஏழா, முந்நூறா

என் வீட்டுக்காரர் தர்மராஜ் பட்டாளத்தில் இருபத்து நான்கு வருஷம் இருந்தார். அதில் பதினைந்து வருஷம் ஒரே வேலைதான். துப்பாக்கிக்காரன் பக்கத்தில் குப்புறப் படுத்து, தொலைநோக்கியில் பார்த்து, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு அடிக்கிறது என்று சொல்ல வேண்டும். இவர் சொல்லும் கணக்கை வைத்து அவன் சுடுவான். குறி பட்டால் மெடல் அவனுக்கு. தவறினால் திட்டு இவருக்கு. கல்யாணமான புதிதில் கேட்டே விட்டேன், "இதென்னங்க பொழப்பு, இலை போடுறது நீங்க, சாப்பிடுறது அவனா?" என்று. சிரித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஆயிரம் மீட்டர், உமையா. நானே காத்தைப் பாத்து, நானே சுடணும். ஒரே ஒரு நாளு போதும்."

அந்த ஒரு நாள் பட்டாளத்தில் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றுத் திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த பிறகும் அந்த ஆசை விடவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேதுக்கரைக்குப் போய்விடுவார். கருவேலம் புதர் எவ்வளவு சாய்கிறது, கருவாடு காயும் இடத்தில் தூசி எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். கச்சான் காற்று இவ்வளவு, வாடைக் காற்று இவ்வளவு. வீட்டுக்குப் பருப்பு வாங்கி வரச் சொன்னால் மட்டும் மறந்துவிடும். எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

ஆறு வருஷத்துக்கு முன்னால் வலது கண் போனது. உள்ளே விழித்திரை கிழிந்துவிட்டது என்றார்கள், ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லை. இடது கண்ணிலும் திரை மெலிந்திருக்கிறது என்று லேசர் வைத்து ஒட்டினார்கள். அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு தூரத்துப் பனையில் ஓலையை எண்ணிவிடுவார். கிட்டத்தில் மட்டும் எழுத்து தெரியாது. போனில் வரும் செய்தியை நான்தான் வாசித்துச் சொல்வேன், இவர் சொல்லும் பதிலை நான்தான் எழுதி அனுப்புவேன்.

அப்படித்தான் போன வருஷம் மேஜர் மாரீஸ்வரன் அனுப்பியதை வாசித்தேன். இவருடைய பழைய அதிகாரி, விருதுநகர்க்காரர்; பட்டாளத்து வழக்கில் இவருக்கு இன்னும் 'சாப்'தான். 'தர்மராஜ், ஓய்வு பெற்றவர்களுக்காக வடக்கே ஒரு சுடுகளத்தில் தை மாதம் ஒருநாள் போட்டி நடத்துகிறோம். ஆயிரம் மீட்டர். இந்தத் தடவை நீ காற்றுச் சொல்ல வேண்டாம், நீயே சுடு. ஏழு எம்.எம். மேக்னம் துப்பாக்கி ஒன்றும், முந்நூறு மேக்னம் ஒன்றும் இருக்கிறது. உனக்கு எதை ஒதுக்க வேண்டும்?'

இவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "இன்னொருக்க வாசி," என்றார். மூன்று தடவை வாசித்தேன்.

அலமாரியில் இரண்டு தோட்டா உண்டு, மருந்து இல்லாத பித்தளைக் கூடும் முனையும் மட்டும். பட்டாளத்தில் பாடம் நடத்த வைத்திருந்தது. ஒன்று ஏழு, ஒன்று முந்நூறு. இரண்டுக்கும் அடியில் அரைஞாண் கட்டியதுபோல ஒரு வளையம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. ஏழு எங்கே, முந்நூறு எங்கே, பேரில் இவ்வளவு தூரம் இருக்கிறதே என்றேன்.

"ஏழுங்கிறது மில்லிமீட்டர் கணக்கு, முந்நூறுங்கிறது இஞ்சுல ஆயிரத்துல முந்நூறு பங்கு. ரெண்டு முனைக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்ல, கழுத."

"அப்பறம் என்னத்துக்கு இம்புட்டு யோசனை?"

யோசனை எதற்கு என்று அப்புறம்தான் விளங்கியது. ஏழு ஒல்லி. காற்றை அறுத்துக்கொண்டு போகும், ஆயிரம் மீட்டரில் ஒரு சாண் குறைவாக ஒதுங்கும். சுட்டதும் தோளில் விழும் உதையும் கொஞ்சம் குறைவு. முந்நூறு கனம். குறி தவறினாலும் விழுந்த இடத்தில் மண்ணை நன்றாகக் கிளப்பும், அதைப் பார்த்து அடுத்த குண்டைத் திருத்திக்கொள்ளலாம். ஒற்றைக் கண்காரருக்கு அது பெரிய உதவி. ஆனால் உதை அதிகம். ஒன்று கண்ணைக் காப்பாற்றும், இன்னொன்று விழுந்த இடத்தைக் கண்ணுக்குக் காட்டும். லேசர் வைத்து ஒட்டிய திரை எந்த உதையைத் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

இவரோ பயிற்சியே தொடங்கிவிட்டார். வலது கண் இல்லாததால் இடது தோளில் வைத்துச் சுட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இடது கைப் பழக்கம்! சேதுக்கரை மணலில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, ஒரு பனைமட்டையை இடது தோளில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். பக்கத்து வீட்டு இருளாண்டி அண்ணன் அந்தப் பக்கம் போனால் சும்மா இருப்பாரா?

"ஏலே தர்மராஜு, இங்கன என்னலே, நண்டைச் சுடுறியா?"

"காத்தை மறைக்குது, தள்ளி நில்லுண்ணே," என்பாராம் இவர், தலையைத் தூக்காமல்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதைத்தான் நினைத்து நினைத்து இப்போது வேகிறேன்.

மதுரைக்குக் கண் பரிசோதனைக்குப் போனபோது இரண்டு தோட்டாவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் அமுதவள்ளியின் மேஜைமேல் அவற்றை நிறுத்தி வைத்து, "டாக்டரம்மா, கண்ணுக்கு எது தேவல?" என்று கேட்டார். மாத்திரை கேட்பதுபோல! அந்தம்மா இரண்டையும் இவர் பக்கமே நகர்த்தினார்.

"ரெண்டுமே வேணாங்கய்யா. தலை அதிர்ற மாதிரி எதுவுமே வேணாம். இருக்கறது ஒரு கண்ணு."

பஸ்ஸில் பரமக்குடி வந்ததும் சொன்னார். "ரெண்டும் வேணாம்னா, உதை கம்மியா உள்ளது தேவலன்னுதான அர்த்தம்?"

"அர்த்தமாவது மண்ணாவது!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "எழுது உமையா. 'சாப், ஏழு எம்.எம். ஒதுக்குங்க. வாரேன்.'"

நான் எழுதினேன். 'சார், அவருக்குக் கண் மோசமாக இருக்கிறது. டாக்டர் கூடாது என்கிறார். வரமாட்டார். தயவுசெய்து இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். உமையாள்.' அனுப்பினேன்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் மேஜரிடமிருந்து பதில் வந்தது. 'புரிகிறதம்மா. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அதை நான் வாசித்துச் சொல்லவில்லை.

இவர் காத்திருந்தார். போன் மணி அடிக்கும்போதெல்லாம் கழுத்து திரும்பும். "மேஜர் சாப்பா?" என்பார். கேஸ் சிலிண்டர்காரன் என்பேன், சொந்தக்காரங்க என்பேன். நீயே போன் போட்டுப் பேசேன் என்று இருளாண்டி அண்ணன் சொன்னதற்கு, "அதிகாரியை நாம நச்சரிக்கக் கூடாதுண்ணே. வேற யாருக்காச்சும் குடுத்திருப்பாக. சொல்லச் சங்கடமா இருக்கும்," என்றார். அந்தப் பட்டாளத்துப் பழக்கம்தான் என் பொய்யைக் காப்பாற்றியது. தை பிறந்தது, போட்டி நாளும் போனது. அன்றைக்குச் சேதுக்கரைக்கு அவர் போகவில்லை. பனைமட்டை கொல்லைச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

மாசியில் ஒரு காலை. துண்டை எடுக்கக் கொடிக்குக் கை நீட்டினார். அவ்வளவுதான். ஒரு குண்டு சுடவில்லை, ஒரு உதை வாங்கவில்லை. "உமையா, திரை போட்ட மாதிரி இருக்கே," என்றார். மதுரைக்கு ஓடினோம். இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் இப்போது தெரியும்.

நான் எந்தக் கண்ணைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அந்தக் கண் துண்டு எடுக்கப்போய்ப் போய்விட்டது. அடிப்பாவி, ஒரு நாள் நான் விட்டிருக்கக் கூடாதா? ஏழோ முந்நூறோ, எதையோ ஒன்றைச் சுட்டுவிட்டு வந்திருப்பாரே!

நேற்று சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அந்த இரண்டு தோட்டாவும் இருந்தன. விரலாலேயே எது எது என்று சொல்லிவிடுகிறார். முகத்தைக் காற்றுக்குக் காட்டி, "கச்சான் கிளம்பிருச்சு," என்றார். அப்புறம், "மேஜர் சாப்புக்கு ஒண்ணு எழுதணும் உமையா. போனை எடு," என்றார்.

எடுத்தேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"'சாப், நீங்க பதில் போடலேன்னு எனக்கு வருத்தம் இல்ல. போடாததே நல்லதாப் போச்சு. வந்து சுட்டிருந்தேன்னா, அதாலதான் கண்ணு போச்சுன்னு என் வீட்டுக்காரி ஆயுசுக்கும் அழுதிருப்பா.' எழுதிட்டியா?"

மேஜருடைய பழைய பதில் அதே திரையில்தான் இருந்தது. எனக்கு எழுத்தே தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. ஒரு எழுத்துகூட நான் அடிக்கவில்லை.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேங்க."

தலையை ஆட்டினார். தோட்டா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"பதில் வந்தா வாசிச்சுச் சொல்லு," என்றார்.