கழன்று விழுந்த பறவை

பேட்டையில் ஒரு பட்டறையில் தாளும் பலகையும் வெட்டும் லேசர் மெஷின் ஓட்டுகிறேன். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக, மெக்சிகோ நாட்டுக் காகிதத் தோரணம் வெட்டித் தரும்படி ஒரு டீச்சர் படம் கொடுத்தார். அங்கே விழா நாட்களில் மெல்லிய வண்ணத்தாளில் பூவும் பறவையும் வெட்டித் தெருவெங்கும் கட்டுவார்களாம். படத்தை அப்படியே மெஷினில் கொடுத்தேன். சுற்றிலும் வெட்டுப்பட்டதால் பறவை மொத்தமாகக் கழன்று விழுந்து, தாளில் ஓட்டைதான் மிஞ்சியது. பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, இறகையும் வாலையும் சுற்றியுள்ள தாளோடு மெல்லிய காம்புகளால் இணைத்து வரைந்தேன். தாள் கருகாமலிருக்க லேசரின் சூட்டையும் குறைத்தேன்.

தோரணத்தைக் கட்டிக் கொடுக்க நானே போனேன். தாமதத்துக்குக் காரணம் காட்ட அந்த ஓட்டைத் தாளும் பையில் இருந்தது. அங்கே டீச்சர் தலைமையாசிரியரிடம், “எல்லாம் பிள்ளைங்களே கையால வெட்டுனது சார்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “டீச்சர், அத நான்லா வெட்டுனேன்.”

“மெஷின்லா வெட்டுச்சு அண்ணாச்சி! நீங்க பட்டனத்தான அமுக்குனீய?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பையிலிருந்து ஓட்டைத் தாளை எடுத்துத் தோரணத்தின் பக்கத்தில் பிடித்தேன். “பட்டன மட்டும் அமுக்குனா இதுதான் டீச்சர் வரும்.”

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் ‘மாணவர் கைவண்ணம்’ என்று எழுதியிருந்த அட்டையை யாரும் எடுக்கவில்லை. இன்றும் நினைத்தால் மனம் ஆறவில்லை. அதன்பிறகு எந்த வேலையிலும், கெட்டுப்போன முதல் தாளை நான் குப்பையில் போடுவதில்லை.