கேட்க மட்டும் தெரிந்த ரேடியோ

கடைத்தெருவில் எல்லாரும் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு அவர்தான் கதி. கதவைத் திறந்து கொடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடவுள் கொடுத்த தொழில், அதை வைத்து அடுத்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, பொத்தானை அழுத்திப் பேசுகிற கையடக்க ரேடியோ. அவரும் தங்கையின் வீட்டுக்காரரும் சேர்ந்தே உரிமம் எடுத்து, ஆளுக்கொன்று வாங்கினார்கள். மாப்பிள்ளைக்குக் காட்டில் தீக்காவல் வேலை. அங்கே போன் எடுக்காது. மலையுச்சியில் ரேடியோ சங்கத்தார் ஒரு கருவி வைத்திருந்தார்கள். அது இவர் குரலை வாங்கி அவரிடமும், அவர் குரலை வாங்கி இவரிடமும் சேர்க்கும்.

தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் காட்டு வேலைக்கு ஒத்துக்கொண்டாரே என்று கோபித்துக்கொண்டு தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிடுவார்.

"மச்சான், அவ இருக்காளா?"

"இருக்கா மாப்ள. அடுப்படியில வேலையா இருக்கா."

அவளோ பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

அன்று காலையில் அவளே வந்து, "அண்ணே, இன்னைக்கு நான் பேசுறேன்," என்றாள். மறுநாள் மாப்பிள்ளை இன்னும் உயரத்தில் இருக்கிற காவல் குடிசைக்குப் போகிறார். அங்கே ரேடியோவும் எட்டாது. மழை விழுந்தால்தான் இறங்குவார். பூட்டுக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆண்டவன் கண் திறந்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மலைக் கருவியை அன்றுமுதல் வேறு அலைவரிசைக்கு மாற்றியிருந்தார்கள். புது அலையில் வருவதைக் கேட்க, எண்ணைக் கையால் அழுத்தினால் போதும். பேசுவதற்கு மட்டும் ஒரு மறைவான ஒலியைக் கம்ப்யூட்டர் மூலம் ரேடியோவுக்குள் ஏற்ற வேண்டும். அந்த ஒலி சேராத குரலை மலைக் கருவி வாங்காது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்து ரேடியோவின் புரோகிராமைத் தட்டினார். திறக்கவில்லை. தனக்கு அடியில் இருக்க வேண்டிய சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷன் இல்லை என்றது. பார்த்தால் புது வெர்ஷன் உட்கார்ந்திருந்தது.

அவருக்குத் தெரிந்த தொழில் புத்தி ஒன்றுதான். பழைய பூட்டைப் போட வேண்டுமானால் புதுப் பூட்டைக் கழற்ற வேண்டும். புது வெர்ஷனைக் கழற்றிவிட்டார். பழையதை ஏற்றப் போனார். அதை ஏற்றிவிடுகிற புரோகிராமோ, புது வெர்ஷன் இல்லாமல் நான் நகர மாட்டேன் என்றது. சரி, புதியதையே திரும்பப் போடுவோம் என்றால் அதற்கும் அதே பாட்டு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று.

"ஊர்க் கதவெல்லாம் நீங்க தொட்டா திறக்குது. நம்ம வீட்டுப் பெட்டிக்கு மட்டும் என்ன கேடு?" என்றாள் மனைவி.

"சும்மா இரு தாயே. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணணும்."

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஐயோ, அதை ஏன் எடுத்தீங்க? பழசும் புதுசும் ஒன்னாவே இருக்கலாமே!"

"ஒரு கதவுக்கு ரெண்டு பூட்டா தம்பி?"

"உங்க வீட்டுக் கதவுல எத்தனை?"

பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. அவர் கையால் போட்டவைதான்.

"நான் வெளியூர்ல இருக்கேண்ணே. வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

சங்கத்தில் யாரிடமாவது போனில் சொல்லி, அவர் வழியாகச் சேதி அனுப்பலாமா என்று தங்கையிடம் கேட்டார்.

"இத்தனை நாள் வாயை மூடினது நான். திறக்கிறது அடுத்தவன் வாயா? வேணாம்ணே."

சாயங்காலம் புது எண்ணை அழுத்தி வைத்தார். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது.

"மச்சான், இருக்கீங்களா?"

தங்கை ரேடியோவைப் பிடுங்கிப் பொத்தானை அழுத்தினாள். "நான்தான். நான்தாங்க பேசுறேன்."

"மச்சான்? அவ இருக்காளா?"

"இருக்கேன், இருக்கேன்!"

மலைக் கருவி அவள் குரலை வாங்கிக்கொள்ளவே இல்லை. பூட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆண்டவனே, இந்த ஒரு வார்த்தையையாவது சேர்த்துவிடு என்று உதடு முணுமுணுத்தது.

பிறகு மாப்பிள்ளையின் குரல் தாழ்ந்து வந்தது.

"சரி மச்சான். என் சத்தம் கேட்டதும் செட்டை அணைக்கச் சொல்லியிருப்பா. வற்புறுத்தாதீங்க. தப்பு என் மேலதான். காலையில மேல போறேன். மழை விழுந்ததும் பார்ப்போம்." அப்புறம், "மாத்திரையை மட்டும் மறக்காம சாப்பிடச் சொல்லுங்க."

"சாப்பிட்டேங்க," என்றாள் அவள், பொத்தானை அழுத்தியபடி. "மதியமே சாப்பிட்டேன்."

எதிர்ப்பக்கம் அடங்கிவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். அது அங்கே போய்ச் சேராது என்று தெரிந்தும் பூட்டுக்காரர் அவளை நிறுத்தவில்லை. வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.