ஒன்றாம் தடம்

மேடைப் பேச்சு என்றாலே எனக்கு ஆகாது. பாட்டுக் கச்சேரிகளைப் பதிவு செய்வது என் பிழைப்பு. திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும், பாட்டு தொடங்கும் முன் பொன்னாடை போர்த்தும் படலம் ஒன்று இருக்கும். பாடுகிறவருக்காக நான் பார்த்துப் பார்த்து வைத்த மைக்கைப் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து தட்டுவார்கள், ஊதுவார்கள், விழுங்காத குறையாக வாயருகே பிடித்துப் பேசுவார்கள்.

என் பதிவுக் கருவியில் பதினாறு தடங்கள். ஒவ்வொரு மைக்குக்கும் ஒன்று. தபேலா தனி, கீபோர்டு தனி, குரல் தனி. அப்படித் தனித்தனியாக இருந்தால் பிறகு வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் குறைத்துக் கலந்துகொள்ளலாம். தடத்துக்கு ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அந்தத் தடம் பதிவாகும். குரலுக்கு எப்போதும் ஒன்றாம் தடம். பேச்சு நடக்கும்போது நான் அதை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றை ஓட விடுவேன். இடையிடையே வாத்தியக்காரர்கள் வாசிப்பதை வைத்து ஒலி அளவு சரிபார்ப்பேன். பேச்சு முடிந்ததும் பதிவை நிறுத்தி, ஒன்றாம் தடத்தையும் சேர்த்து, மறுபடி தொடங்குவேன். ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒரு தடத்தைச் சேர்க்க அந்தக் கருவி விடாது. பேச்சை ஏன் எடுப்பதில்லை என்று கேட்பவர்களிடம், மெமரி கார்டில் இடம் மிச்சமாகும் என்பேன். உண்மையில் அது வெறும் வீம்பு. அவர்களுடைய பேச்சு என் கார்டில் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

என் அக்கா சாணார்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கொஞ்சம் மல்லிகை, இரண்டு மாடு, ஞாயிற்றுக்கிழமையானால் அந்த ஊர் மாதா கோயிலில் பாட்டு. கழுத்தில் கட்டி என்று மதுரைக்குப் போனாள். அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், குரலுக்கான நரம்பு கட்டியை ஒட்டியே போகிறது, பழைய குரல் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கோயில் திருவிழாவுக்கு மறுவாரம் நாள் குறித்தார்கள்.

அன்றே என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, திருவிழாவுல ஏழு பாட்டு பாடுறேன். அத நல்லா எடுத்துக் குடுத்துரு. பெறகு கொரல் போனாலும் போகட்டும், நான் கேட்டுக்கிருவேன்."

ஊர் உலகத்துக்கெல்லாம் பதிவு செய்தவன், அக்கா பாட்டை ஒரு நாளும் எடுத்ததில்லை. அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டேன். இதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

திருவிழா அன்று மத்தியானமே போய்விட்டேன். புது வயர், புது கார்டு, என்னிடம் இருந்ததிலேயே நல்ல மைக். அவளை நிறுத்தி உச்சத்தில் இரண்டு வரி பாடச் சொல்லி, பதிவை ஓட்டாமல் அளவு மட்டும் வைத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை.

"இம்புட்டு நேரமா? கல்யாணத்துக்குக்கூட என்னைய இப்படி நிக்க வைக்கலடா" என்றாள். ஒன்றாம் தடத்தில் அவள் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது.

நான்கு மணிக்குப் பேச்சு தொடங்கியது. வழக்கம்போல ஒன்றாம் தடத்தை அணைத்தேன். பங்குச் சாமியார், ஊர்ப் பெரியவர்கள், நன்கொடையாளர்கள் எல்லாம் பேசினார்கள். கடைசி ஆள் இறங்கியதும் நிறுத்தலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அப்போது மைக்கில் அறிவித்தார்கள், "இந்த விழாவை ஒலிப்பதிவு செய்யும் அன்புத் தம்பி மேடைக்கு வரவும்."

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. அக்காதான் சாமியாரிடம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். ஓரமாக நின்று முகமெல்லாம் சிரிப்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனேன். பொன்னாடை போர்த்தினார்கள், ஊரே கை தட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு மணிக்குத் தேர்ப்பவனி என்பதால் நான் இறங்கி வருவதற்குள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

ஹெட்போனை மாட்டினேன். அது மேடைக்கு ஒலி அனுப்பும் மிக்சரில் சொருகியிருந்தது. அதில் அக்கா குரல் அருமையாகக் கேட்டது. பதிவுக் கருவியில் மற்ற விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. பொன்னாடையோடு உட்கார்ந்து ஏழு பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டேன். அவள் அன்று பாடியதுபோல் என்றும் பாடியதில்லை.

ஏழாவது பாட்டின் முடிவில் கண்ணைத் திறந்தேன். ஒன்றாம் தடத்தில் விளக்கு இல்லை.

அவசரமாக நிறுத்தி, பொத்தானை அழுத்தி, மறுபடி தொடங்கினேன். பாட்டு முடிந்திருந்தது. கைதட்டல் அடங்கியதும் அக்கா மைக்கிலேயே என்னைப் பார்த்துக் கேட்டாள், "தம்பி, எல்லாம் ரெக்கார்டு ஆயிருச்சா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

இன்னொரு முறை பாடச் சொல்லியிருக்கலாம். நடுவில் ஒரு வாரம் இருந்தது. அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டுமே. இன்று சொல்கிறேன் நாளை சொல்கிறேன் என்று அந்த வாரத்தைத் தின்றுவிட்டேன்.

கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல் மட்டும் வெறும் காற்றாகப் போய்விட்டது. காலம் போகப் போகத் தேறலாம் என்றார்கள், இன்றுவரை தேறவில்லை.

தபேலாவுக்கு வைத்த மைக்கில் பக்கத்தில் நின்ற அவள் குரல் லேசாக ஏறியிருந்தது. அதை உயர்த்தினால் தபேலா இடித்தது, குறைத்தால் அவள் மறைந்தாள். பல நாள் போராடி ஏழு பாட்டையும் ஒருமாதிரி ஒப்பேற்றி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டாள். நான் முற்றத்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்றி வைத்துவிட்டுக் காற்றுக் குரலில் சொன்னாள், "தபேலாக்காரரு நல்லா வாசிச்சிருக்காரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

"என் மைக்குல ஒண்ணுமே இல்லையா?"

"கடைசில ஒரு வரி இருக்குக்கா."

போடச் சொன்னாள். போட்டேன். தெளிவான, முழுமையான, எங்கள் அக்காவின் குரல்: "தம்பி, எல்லாம் ரெக்கார்டு ஆயிருச்சா?"

மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் தடவை அந்தக் குரலோடு சேர்ந்து அவள் உதடும் அசைந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அதுக்கு என்னடா சொன்ன? அதுல கேக்கலையே."